சாப்பாட்டை மாற்றினேன், மாத்திரை குறைந்தது: இதில் என்ன தப்பு?

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஆறு வருடமாக இரண்டாம் வகை சர்க்கரை. போன பதினோரு மாதத்தில் 14 கிலோ குறைந்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 8.6-லிருந்து 6.2-க்கு வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த மூன்று மாத்திரைகளில் இரண்டு நின்றுவிட்டன.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. இனிப்புப் பானங்களை அடியோடு விட்டேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு பயறோ முட்டையோ மீனோ, மீதி கால் பங்கில்தான் மாவுச்சத்து. இரவு எட்டு மணிக்கு மேல் வாய்க்குப் பூட்டு. சாப்பிட்டதையும் சுகர் அளவையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன்.

என் ஆதங்கம் வேறு. ஆறு வருடத்தில் ஒரு மருத்துவர்கூட "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டதில்லை. "டயட்ல இருங்க" என்பார்கள், அத்தோடு சரி. ஒவ்வொரு தடவையும் மாத்திரைச் சீட்டுதான் நீண்டது. நாட்பட்ட நோய் எதுவானாலும் முதல் மருந்து சாப்பாடு, மாத்திரை அதற்கு அப்புறம்தான். நம் உடம்பு நம் கையில். மறுப்பவர்கள் வரலாம்.

மருந்துக்கவுண்டர்:
வந்துவிட்டேன். முதலில் வாழ்த்துகள், 14 கிலோ சும்மா இல்லை.

ஆனால் வேலை செய்தது அந்த 14 கிலோதான். தட்டில் போட்ட கோடோ எட்டு மணிப் பூட்டோ அல்ல. பிரிட்டனில் டைரக்ட் என்று ஒரு ஆய்வு நடத்தினார்கள், 2017 கடைசியில் முடிவு வந்தது. நோய் தெரிந்து ஆறு வருடத்துக்குள் இருப்பவர்கள், இன்சுலின் போடாதவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மூன்று முதல் ஐந்து மாதம் வழக்கமான சாப்பாடே கிடையாது. பாக்கெட்டில் வரும் சூப், ஷேக் மட்டும். ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி. வருட முடிவில் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோய் வரம்புக்குக் கீழே வந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் குறைந்தவர்களை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். கல்லீரலிலும் கணையத்திலும் சேர்ந்த கொழுப்பு கரைவதுதான் காரணம் என்பது அந்தக் குழுவின் விளக்கம்.

"முழுமையான இயற்கை உணவு" என்று மேடை போடுபவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். ஜெயித்தது பாக்கெட் பவுடர்! இன்னொன்று: இரண்டாம் வருட முடிவில் அந்த 46, 36 ஆகிவிட்டது. எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். அதனால் "குணம்" என்று யாரும் எழுதாதீர்கள். தணிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்குப்பிள்ளை:
நீங்கள் மறுக்கிறீர்களா, எனக்கு ஆதரவாகப் பேசுகிறீர்களா? 14 கிலோ காற்றிலா போனது? சாப்பாட்டை மாற்றியதால் போனது. பவுடர் ஐந்து மாதம், அதற்கப்புறம் காலம் முழுக்கச் சாப்பாடுதானே?

அமெரிக்காவில் 2002-ல் வந்த ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரையின் விளிம்பில் இருந்த 3,234 பேர். உடல் எடையில் ஏழு சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது என்று இலக்கு வைத்த குழுவில் நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம்தான். மாத்திரையைச் சாப்பாடு ஜெயித்ததா இல்லையா?

மருந்துக்கவுண்டர்:
ஜெயித்தது, வராமல் தடுப்பதில். வந்த பிறகு கதை வேறு. அந்தக் குழுவுக்கு ஆளுக்கொரு பயிற்றுநர், முதல் ஆறு மாதத்தில் 16 பாடங்கள் என்பதையும் சொல்லுங்கள். "டயட்ல இருங்க" என்பதற்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்கள் மருத்துவர் மேல் உங்களுக்கு இருக்கும் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு.

இரவுப்பணி:
அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். ஆய்வு எண்களை நீங்கள் இருவரும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

விடிகாலை மூன்று மணி. ஐம்பது வயதிருக்கும் ஒருவரை மனைவியும் மகனும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சட்டை முழுக்க நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கூப்பிட்டால் முனகல் மட்டும். குடித்திருக்கிறார் என்று மகன் சந்தேகப்பட்டான், வாசனை எதுவும் இல்லை. விரலில் குத்திப் பார்த்தால் சுகர் 38. குளுக்கோஸ் ஏறி ஐந்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தார். முதலில் சொன்னது என்ன தெரியுமா? "டயட் நல்லாத்தானே போய்க்கிட்டிருந்துச்சு!"

இப்படி ஒரு பதிவைப் படித்துவிட்டு மாவுச்சத்தை அறவே நிறுத்தியிருக்கிறார். கிளிமிபிரைடு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாத்திரைக்கு நீங்கள் சாப்பிட்டீர்களா, பட்டினியா என்று தெரியாது. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஒரு தடவை குளுக்கோஸ் ஏற்றினால் முடிந்துவிடாது, மருந்தின் வேகம் அடங்கும்வரை சுகர் மறுபடி மறுபடி இறங்கும். ஒரு நாள் முழுக்க மணிக்கணக்கு வைத்துக் குத்திப் பார்த்தோம்.

ஐயா, உங்கள் பதிவில் "இரண்டு மாத்திரைகள் நின்றுவிட்டன" என்று ஒரு வரி இருக்கிறது. தானாக நின்றதா? யார் நிறுத்தினார்கள், எந்த வாரம்? என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு ஒரு பத்தி எழுதினீர்கள், இதற்கு ஒரே வரி.

மருந்துக்கவுண்டர்:
இதையும் சேர்த்துச் சொல்கிறேன். டைரக்ட் ஆய்வில் உணவு மாறிய முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவர்களே நிறுத்திவிட்டுக் கண்காணித்தார்கள். நிறுத்தியது அலட்சியத்தால் அல்ல, அது திட்டத்திலேயே இருந்தது. புதிய வகை மாத்திரைகளில் "கிளிஃப்ளோசின்" என்று பெயர் முடியும் சில உண்டு, சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளுபவை. அவற்றோடு மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தால் சுகர் அளவு பெரிதாகக் கூடாமலே ரத்தம் அமிலமாகிவிடக்கூடும். மீட்டர் நல்ல எண்ணைக் காட்டும், ஆள் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்.

கணக்குப்பிள்ளை:
சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். மூன்றாவது வாரம். சாயங்காலம் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கையிலிருந்த சில்லறை ஆடியது, பார்த்தால் கைதான் ஆடுகிறது. வீட்டுக்கு வந்து குத்தினால் 61. அதுவும் வழியில் ஒரு மிட்டாயை வாயில் போட்ட பிறகு. மறுநாளிலிருந்து நானாகவே மாத்திரையைப் பாதியாக உடைத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத்தான் மருத்துவரிடம் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அப்புறம் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு அந்த மாத்திரையை அவரே நிறுத்தினார்.

இதை எழுதாமல் விட்டதற்குக் காரணம் உண்டு. எழுதினால் கதையின் அழகு கெட்டுவிடும் என்று நினைத்தேன். தப்புதான்.

பச்சிலை:
எல்லோரும் சேர்ந்து மனிதரைப் பயமுறுத்துகிறீர்கள். இயற்கையானதற்குப் பக்கவிளைவு கிடையாது. உடம்பு தன்னைத்தானே சரிசெய்யும், நாம் கழிவை வெளியேற்றினால் போதும். என் அம்மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்து வருடமாகத் தைராய்டு குறைபாடு. நான்கு மாதமாகத் தினமும் காலையில் ஒரு பெரிய டம்ளர் பச்சைக் கீரைச் சாறு, கூடவே முடிக்கும் நகத்துக்குமான இயற்கை கேப்ஸ்யூல். தைராய்டு ஹார்மோன் பற்றாவிட்டால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்ஹெச், போன மாதம் இறங்கிவிட்டது. தைராய்டு மாத்திரை 100-லிருந்து 75 ஆனது, மருத்துவரே குறைத்தார். இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?

மருந்துக்கவுண்டர்:
கழிவை வெளியேற்றச் சிறுநீரகமும் கல்லீரலும் சம்பளம் வாங்காமல் வேலை பார்க்கின்றன. கீரை நல்லதுதான், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் சில கீரைகளில் ஆக்சலேட் நிறைய, சிறுநீரகத்தில் படியக்கூடிய பொருள் அது. சமைத்து அளவாகச் சாப்பிடுவது ஒன்று, ஒரு கட்டைப் பச்சையாக அரைத்து மாதக்கணக்கில் குடிப்பது இன்னொன்று. ஏற்கெனவே சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது மேலும் பழுதாகியிருக்கிறது, மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால் அதிலிருக்கும் வைட்டமின் கே மருந்தின் பலத்தைக் குறைக்கும். அவர்களிடம் "கீரையே வேண்டாம்" என்று நாங்கள் சொல்வதில்லை, "தினமும் ஒரே அளவு" என்கிறோம்.

உப்பும் அப்படித்தான். கால் பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பைச் சீனக் கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் சோதித்தார்கள், பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. 2021-ல் வந்த முடிவு. சாப்பாட்டுக்குச் சக்தி உண்டு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? அதே உப்பு, சிறுநீரகம் பழுதான ஒருவருக்குப் பொட்டாசியத்தை ஏற்றி இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யும். சக்தி இருக்கிற எதற்கும் பக்கவிளைவு உண்டு. பக்கவிளைவே இல்லை என்றால் விளைவும் இல்லை.

அம்மா விஷயத்தில் ஒரு கேள்வி. அந்த கேப்ஸ்யூல் டப்பாவின் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது? மாத்திரை குறைந்த பிறகு அவர்கள் எப்படி இருக்கிறார்கள்?

ஊசிக்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் மகளுக்கு ஒன்பது வயது, முதல் வகைச் சர்க்கரை. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. விசேஷ வீடுகளில் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "சின்னப் பிள்ளைக்கு என்னத்தைக் கொடுத்து இப்படி ஆக்கினே?" அவளுடைய உடம்பே அவளுடைய கணையத்தின் செல்களை அழித்தது. நான் கொடுத்த எதனாலும் அல்ல.

சாப்பாடே மருந்து என்று நடந்த காலம் ஒன்று உண்டு. 1921-ல் இன்சுலினைக் கண்டுபிடிக்கும் முன் இந்தக் குழந்தைகளுக்குக் கொடுத்த சிகிச்சை அளந்த பட்டினி. எலும்பும் தோலுமாக இன்னும் சில மாதம் இழுத்துக்கொண்டிருப்பார்கள். 1922 ஜனவரியில் டொராண்டோவில் 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இருந்த அம்மாக்களை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். "நாட்பட்ட நோய் எதுவானாலும் முதல் மருந்து சாப்பாடு" என்று படிக்கும்போது வயிறு எரிகிறது.

"நம் உடம்பு நம் கையில்" என்பதும் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கைமீறிப் போனவர்களுக்கு அதன் அர்த்தம் "உன் தப்பு" என்பதுதான்.

கணக்குப்பிள்ளை:
அம்மா, நான் நினைத்தது இரண்டாம் வகையை மட்டும்தான்.

ஊசிக்காரி:
நினைத்ததை எழுதியிருக்கலாமே, தம்பி. எழுதியது "எதுவானாலும்".

சந்தேகப்பிராணி:
"எதுவானாலும்" என்ற ஒரு சொல்லில்தான் மொத்தச் சண்டையும். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்குச் சாப்பாடுதான் ஆதார சிகிச்சை, கோதுமையிலிருக்கும் குளூட்டன் என்ற புரதத்தை விடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. ரத்த அழுத்தத்துக்கு 1997-ல் வந்த டாஷ் ஆய்வில் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் என்று மாற்றியதில் அழுத்தம் அதிகம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சுமார் 11 இறங்கியது. கிட்டத்தட்ட ஒரு மாத்திரையின் வேலை. ஆனால் சாப்பாட்டை ஆய்வுக்கூடமே சமைத்துக் கொடுத்தது, நம் வீட்டில் யார் கொடுப்பார்கள் என்பது தனிக் கேள்வி. தைராய்டு குறைபாட்டுக்கோ முதல் வகைச் சர்க்கரைக்கோ எந்தத் தட்டும் ஹார்மோனைக் கொண்டுவராது. நோயின் பெயரைச் சொல்லாமல் "சாப்பாடு குணமாக்குமா" என்று கேட்பது, நோயின் பெயரைச் சொல்லாமல் "மாத்திரை குணமாக்குமா" என்று கேட்பதைப் போலத்தான்.

கணக்குப்பிள்ளை:
"எதுவானாலும்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். "முதல் மருந்து" என்பதை மட்டும் விடமாட்டேன், என் நோய்க்கு. மருத்துவர் என் நோட்டைப் பார்த்த அந்தப் பத்து நிமிடத்தை ஆறு வருடத்துக்கு முன்னால் கொடுத்திருந்தால் நான் மாத்திரையை நானாக உடைத்திருக்கவே மாட்டேன்.

இரவுப்பணி:
இதை ஒப்புக்கொள்கிறேன். அந்த மூன்று மணிக்காரரும் கேட்க ஆள் இல்லாமல்தான் பதிவைப் படித்தார்.

பச்சிலை:
டப்பாவைப் பார்த்தேன். பயோட்டின் 10,000 மைக்ரோகிராம் என்று போட்டிருக்கிறது. அது வைட்டமின்தானே? அம்மாவுக்கு முடி இன்னும் கொட்டுகிறது, அதனால்தான் கேப்ஸ்யூலை விடாமல் போடுகிறார்கள். மத்தியானமெல்லாம் தூக்கம். மின்விசிறி போட்டாலே குளிர்கிறது என்கிறார்கள்.

மருந்துக்கவுண்டர்:
வைட்டமின்தான். ஆனால் பல ஆய்வுக்கூடங்களில் தைராய்டு சோதனை பயோட்டினைப் பயன்படுத்தித்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது மிகுதியாக இருந்தால் டிஎஸ்ஹெச் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்தது. அம்மாவுக்கு நடந்தது இதுதான் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் தூக்கம், குளிர், முடி கொட்டுவது எல்லாம் ஹார்மோன் பற்றாத உடம்பின் அறிகுறிகள். எண் ஒரு பக்கம் சொல்கிறது, உடம்பு இன்னொரு பக்கம் சொல்கிறது. மறுபடி சோதிக்க வேண்டும்.

பச்சிலை:
கேப்ஸ்யூலை எத்தனை நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கணும்?

மருந்துக்கவுண்டர்:
குறைந்தது இரண்டு நாள். டப்பாவைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடமும் ரத்தம் எடுப்பவரிடமும் காட்டுங்கள். தைராய்டு மாத்திரையை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

பச்சிலை:
வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.