உளுந்துக்கு டிஏபியும் என்ஏஏவும் ஒன்றாகத் தெளிக்கலாமா?

குழுவில் உள்ள விவசாய நண்பர்களுக்கு வணக்கம். திருவாரூர் பக்கம் சம்பா நெல் தரிசில் விதைத்த ஏடிடி 3 ரக உளுந்து இப்போது பூவெடுக்கிறது. நெல் அறுப்புக்கு முன்பே ஈரத்தில் விதை தூவிவிடுவதால் அடியுரம் போட வழியில்லை. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) இலைவழியாகத்தான் கொடுக்க வேண்டும். 2 சதவீத டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் இறுத்து, பூக்கும்போது ஒரு முறையும் 15 நாள் கழித்து இன்னொரு முறையும் அடிப்போம். அது சரி, பூ உதிர்வதுதான் கவலை. செடிக்கடியில் மஞ்சளாகக் கொட்டிக் கிடக்கிறது.

என்ஏஏ (நாப்தலின் அசிட்டிக் அமிலம்) வளர்ச்சி ஊக்கி 40 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் தெளித்தால் பூ நிற்கும் என்கிறார்கள். அதை டிஏபி நீரோடு ஒரே டேங்கில் கலக்கலாமா, தனியாகத்தான் அடிக்க வேண்டுமா? அடித்துப் பார்த்தவர்கள் காய்ப்பில் வித்தியாசம் தெரிந்ததா என்றும் சொல்லுங்கள். தெளிக்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருக்கிறது, ஒரே தடவையில் முடிந்தால் பெரிய உதவி.