ஆம்னியோல ஃபிஷ் நார்மல், அப்புறம் கல்ச்சருக்கு ஏன் இன்னும் ரெண்டு வாரம்?

மதுரைவாசி:
எல்லாருக்கும் வணக்கம். மனைவிக்கு இப்ப 17 வாரம், வயசு 36, முதல் குழந்தை. டபுள் மார்க்கர் ரத்த டெஸ்ட்ல டவுன் சிண்ட்ரோம் ரிஸ்க் 1:80னு வந்துச்சு, டாக்டர் பனிக்குடத்துல இருந்து தண்ணி எடுத்து டெஸ்ட் (ஆம்னியோ) பண்ணிடலாம்னாங்க. திங்கக்கிழமை எடுத்தாச்சு, வியாழக்கிழமையே ஃபிஷ்ங்கற சீக்கிர டெஸ்ட் ரிப்போர்ட் நார்மல்னு வந்துடுச்சு, ரெண்டு பேரும் அழுதுட்டோம். ஆனா செல்லை வளர்த்துப் பாக்குற கல்ச்சர் ரிப்போர்ட்டுக்கு இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல ஆகுமாம். ஒண்ணு நார்மல்னா போதாதா, அப்படி என்னதான் பாக்குறாங்க? அவ ராத்திரி தூங்கவே மாட்டேங்குறா.

லேப்_மேட்:
சகோ, நான் குரோமோசோம் பாக்குற சைட்டோஜெனடிக்ஸ் லேப்ல 9 வருஷமா இருக்கேன். பனிக்குடத் தண்ணில குழந்தையோட தோல், மூத்திரப்பாதை, பனிக்குடச் சவ்வு இங்கெல்லாம் இருந்து உதிர்ந்த செல்கள் மிதக்கும். ஃபிஷ்ல அந்த செல்ல அப்படியே எடுத்து, கலர் ஒளி விடுற ப்ரோப் ஒட்ட வச்சு 13, 18, 21, எக்ஸ், ஒய் குரோமோசோம் எத்தனை இருக்குன்னு எண்ணுறோம், அவ்வளவுதான். அதனாலதான் சீக்கிரம் வருது. டவுன் சிண்ட்ரோம் ரிஸ்க்னுதானே எடுத்தீங்க, அதுல 21 மூணு இருக்கும், உங்களுக்கு ரெண்டே இருக்குன்னு வந்ததே பெரிய ஆறுதல், அதை வீட்ல சொல்லுங்க.

ஆனா மத்த குரோமோசோமை ஃபிஷ் பாக்கல. ஒரு துண்டு உடைஞ்சு வேற ஒண்ணுல போய் ஒட்டியிருந்தாலும் அதுல தெரியாம போகலாம். அதுக்கு 46 குரோமோசோமையும் கண்ணால பாக்கணும், செல் ரெண்டா பிரியற நேரத்துலதான் குரோமோசோம் தனித்தனியா தெரியும். தண்ணில வர்ற செல்லுல பாதிக்கு மேல செத்ததுதான், உயிரோட இருக்கற கொஞ்சத்தை 37 டிகிரி இன்குபேட்டர்ல வச்சு வளர்க்கணும், அது ஃபிளாஸ்க் அடியில ஒட்டி கூட்டமா பெருகவே ஒரு வாரம், பத்து நாள் ஆயிடும். அப்புறம் பிரியற நேரத்துல மருந்து போட்டு நிறுத்தி, சாயம் ஏத்தி, கோடு கோடா தெரியறதை வச்சு ஜோடி சேர்ப்போம். நாங்க என்ன அவசரப்பட்டாலும் செல் அதோட வேகத்துலதான் வளரும்.

கவிதா_அம்மா:
தம்பி, போன வருஷம் நானும் இதே மாதிரி காத்திருந்தேன். என் சாம்பிள்ல ரத்தம் கலந்திருந்ததால இன்னும் லேட்டாச்சு, அந்த நாளெல்லாம் சாப்பாடே இறங்கல. லேட்டானா கெட்ட ரிசல்ட்னு அர்த்தம் இல்லன்னு மனைவிகிட்ட சொல்லுங்க. அவங்க ரத்தம் நெகட்டிவ் குரூப்பா? அப்படின்னா, குழந்தை ரத்தத்துக்கு எதிரா அம்மா உடம்பு வேலை செய்யாம தடுக்கற ஆன்டி டி ஊசி போட்டாங்களான்னு கேளுங்க, எனக்கு மறுநாளே போட்டாங்க. தண்ணி கசிவு, ரத்தப்போக்கு, காய்ச்சல், விடாத வயித்து வலி, இதுல எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிடணும்.

மதுரைவாசி:
ரொம்ப நன்றிக்கா, அவ ஓ பாசிட்டிவ்தான். லேப் சகோ, எக்ஸ் ஒய் பாக்குறாங்கன்னா பையனா பொண்ணான்னு தெரியுமேன்னு எங்கம்மா கேக்குறாங்க. கல்ச்சரும் நார்மல்னா இனிமே எதுவும் பாக்க வேணாமா?

லேப்_மேட்:
அதை மட்டும் கேக்காதீங்க சகோ. 1994 சட்டப்படி லேபும் சொல்லக்கூடாது, டாக்டரும் சொல்லக்கூடாது, ரிப்போர்ட்லயும் எழுத மாட்டோம். எந்தக் குழந்தைன்னாலும் உங்க குழந்தைதானே, அம்மாகிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.

கல்ச்சர்ல ரொம்பச் சின்ன துண்டு காணாம போனது தெரியாது, தலசீமியா மாதிரி ஒரே ஜீன் கோளாறும் தெரியாது, அதுக்கெல்லாம் டிஎன்ஏ டெஸ்ட் தனி. இதயம், முதுகுத்தண்டு உருவானதை ஸ்கேன்லதான் பாக்கணும், அதனால அனாமலி ஸ்கேனை விட்டுடாதீங்க.

மதுரைவாசி:
புரிஞ்சுது சகோ. அவளுக்கு இப்பதான் படிச்சுக் காட்டினேன், செல் வளர்ற கதைய ரெண்டு தடவை படிக்கச் சொன்னா. ஸ்கேன் தேதி நாளைக்கே வாங்கிடுறேன், ரிப்போர்ட் வந்ததும் இங்க வந்து சொல்றேன்.