400 வீடுகளில் கேட்டேன். வழு 5 சதவீதம் என்பது சரியா?

வவுணதீவு மாணவி:
மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் பஸ் சேவை பற்றி ஆய்வுக்காகக் கருத்துக்கணிப்பு நடத்தினேன். வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் 20 கிராம உத்தியோகத்தர் பிரிவுகள். ஒவ்வொன்றிலும் 20 வீடுகள். 'மிகவும் திருப்தி' முதல் 'சற்றும் திருப்தியில்லை' வரை ஐந்து விடைகள். ஈருறுப்புப் பரம்பலின்படி (ஆம், இல்லை போன்ற இருவகை விடைகளின் எண்ணிக்கைக்கான நிகழ்தகவுக் கணக்கு), 95% நம்பிக்கை மட்டத்தில் வழு, அதாவது உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு, ஏறத்தாழ 5 சதவீதம் வருகிறது. மேற்பார்வையாளர் ஓரத்தில் "எந்த 400?" என்று மட்டும் எழுதித் தாளைத் திருப்பித் தந்துவிட்டார். என்ன கேட்கிறார்?

களுவாஞ்சிகுடியான்:
தங்கச்சி, நல்ல கேள்விதான் கேட்டிருக்கிறார். ஒருவரின் விடை இன்னொருவரின் விடையைச் சாராதபோதுதான் ஈருறுப்புப் பரம்பல் செல்லும். பஸ் விடயத்தில் அது எப்படி நடக்கும்? பிரதான வீதியோடு பஸ் திரும்பிவிடுகிற ஊரில் இருபது வீட்டாரும் ஒரே திட்டைத்தான் திட்டுவார்கள். ஐந்து வீடு முடிவதற்குள் மீதி விடைகள் பாதி தெரிந்துவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். நீங்கள் பார்த்தது 20 பானை, பானைக்கு 20 சோறு.

இதற்குப் புள்ளிவிபரவியலாளர் லெஸ்லி கிஷ் தந்த கணக்கு எளியது. கொத்தின் (இங்கே ஒரு பிரிவின் 20 வீடுகள்) அளவில் ஒன்றைக் கழித்து, கொத்துக்குள் விடைகள் ஒத்துப்போகும் அளவான இணைபால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். இணைபு 0.1 என்று வைத்தால் 1 + 19 × 0.1 = 2.9. 400ஐ அதனால் வகுத்தால் கிட்டத்தட்ட 138. அதாவது உங்கள் 400 வீடுகள் ஒன்றையொன்று சாராத 138 வீடுகளுக்கே சமம். வழு 8 சதவீதத்தைத் தாண்டிவிடும். 0.1 நான் வைத்துப் பார்த்த எண்தான். உண்மையானதை உங்கள் தரவிலிருந்தே மதிப்பிடுங்கள். பஸ்ஸுக்கு அதைவிடக் கூடுதலாக வரும் என்றே நினைக்கிறேன்.

ஒலுவில் வாசகர்:
ஐந்து விடைகளுக்கும் 1 முதல் 5 வரை எண் போட்டு இடை (சராசரி) காணாதீர்கள். 'திருப்தி'க்கும் 'மிகவும் திருப்தி'க்கும் உள்ள தூரம் மற்றவற்றுக்கு இடையிலும் அதேதான் என்று யார் சொன்னது? வரிசை மட்டும் உள்ள இத்தகைய விடைகளுக்கான வரிசைநிலை லொஜிஸ்டிக் மாதிரியுருவைப் பாருங்கள். புள்ளிவிபரவியலாளர் பீட்டர் மக்கலா 1980இல் விரிவாக எழுதியது. மனத்திலுள்ள திருப்தியைத் தொடர்ச்சியான அளவாகக் கொண்டு, அதை வெட்டும் நான்கு எல்லைகளைத் தரவே தீர்மானிக்கும். கிராமத்தை எழுமாற்று விளைவாக, அதாவது கிராமத்துக்குக் கிராமம் தற்செயலாக மாறும் கூறாகச் சேருங்கள்.

வவுணதீவு மாணவி:
இருவருக்கும் நன்றி. இன்னொன்று: ஒரு பிரிவில் இருபது பேரும் 'திருப்தி' என்றார்கள். அங்கே ஓர் உத்தியோகத்தர் வீடு வீடாகக் கூடவே வந்தார்.

களுவாஞ்சிகுடியான்:
அதை எந்த மாதிரியுருவாலும் மீட்க முடியாது. கூச்சமான கேள்விகளுக்கு ஆய்வாளர் வார்னர் 1965இல் ஒரு வழி சொன்னார். அதன் எளிய வடிவம் இது: விடை சொல்பவர் மறைவாக நாணயத்தைச் சுண்டுவார், தலை விழுந்தால் எதுவானாலும் 'ஆம்', பூ விழுந்தால் உண்மை. நூறு பேரில் 65 'ஆம்' வந்தால், 50 நாணயத்துக்குரியது. மீதி 50 பேரில் 15, அதாவது 30 சதவீதம். யார் உண்மை சொன்னார் என்று கேட்பவருக்கே தெரியாது. ஆனால் வழு இன்னும் பெருகும், உங்களிடம் இருப்பதோ 138. பஸ் சரியில்லை என்று சொல்ல இத்தனை மறைப்பு எதற்கு? உத்தியோகத்தரை வாசிகசாலையில் இருத்திவிட்டுத் தனியாகப் போய்க் கேளுங்கள்.

வவுணதீவு மாணவி:
அடுத்த வாரம் அந்தப் பிரிவுக்குத் திரும்பப் போகிறேன், பஸ் வந்தால்.