பெற்றோருடனும் நண்பர்களுடனும் ஆஸ்திரேலியச் சாலைகளில்: வழியில் எதிர்ப்பட்டவர்கள்

மெல்பர்னிலிருந்து

2019 ஜூலை மாதப் பள்ளி விடுமுறையில் எங்கள் குடும்பமும் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் குடும்பமுமாகப் பத்துப் பேர், இரண்டு வண்டிகளில், மெல்பர்னிலிருந்து, ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில் ஒரே பாறையாக நிற்கும் உலுரு மலைக்குச் சாலை வழியாகவே போய் வந்தோம். விமானத்தில் மூன்று மணி நேரத்தில் போகக்கூடிய இடத்துக்கு நான்கு நாள் வண்டி ஓட்டுவானேன் என்று கேட்காதவர்கள் இல்லை. செங்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தந்தைதான், "மேல இருந்து பாக்கறதுக்கு மேப்பே போதும், தரையில கூட்டிட்டுப் போ" என்று சொல்லி முடிவு கட்டினார்.

முதல் இரவு மில்டூராவில் தங்கினோம். மறுநாள் காலை விக்டோரியாவைக் கடந்து தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்ததும் யாம்பா சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தினார்கள். பழ ஈ தங்கள் தோட்டங்களுக்குள் வந்துவிடக் கூடாது என்பதில் அந்த மாநிலத்தார் மிகவும் கண்டிப்பானவர்கள். என் தாயார் குளிர்பெட்டியில் அரைக் கிலோ பச்சை மிளகாய், தக்காளி, ஆறு எலுமிச்சம்பழம் ஆகியவற்றோடு மில்டூராவில் வாங்கிய ஒரு பை ஆரஞ்சையும் வைத்திருந்தார். சமைத்தது எதுவானாலும் கொண்டுபோகலாம், பச்சையாக இருப்பது எல்லைக்கு அப்பால் போகாது என்று அந்த அலுவலர் பொறுமையாக விளக்கினார். தக்காளித் தொக்கும் புளிச்சோறும் தப்பின. ஆரஞ்சை அங்கேயே தின்றுவிடலாமா என்று தந்தை கேட்க, அவர் சிரித்துக்கொண்டே ஒதுக்குப்புறமான இடத்தைக் காட்டினார். பத்துப் பேரும் குளிரில் நின்றபடி ஒரு பை ஆரஞ்சைத் தின்று தீர்த்துத் தோலைத் தொட்டியில் போட்டோம். எலுமிச்சம்பழங்கள் தொட்டிக்குள் விழுந்ததைப் பார்த்த தாயார் மட்டும், "ஊறுகாயாப் போட்டுக் கொண்டாந்திருக்கலாம்" என்று போர்ட் அகஸ்டா வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

போர்ட் அகஸ்டாவில் தொடங்கி டார்வின் வரை 2,700 கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். கிளெண்டாம்போவில் உள்ள பெயர்ப்பலகையை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டும். ஊரின் மக்கள்தொகை என்று அதில் ஆடுகள் 22,500, ஈக்கள் ஏறத்தாழ 20 லட்சம், மனிதர்கள் 30 என்று எழுதியிருக்கிறது. தந்தை அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இந்தத் தொகுதியில் ஈக்கள் நிறுத்தும் ஆளுக்குத்தான் வெற்றி என்றார். அங்கிருந்து கூபர் பீடி வரையுள்ள 250 கிலோமீட்டரில் பெட்ரோல் கிடைக்காது. 1915இல் ஓப்பல் என்னும் மணிக்கல் கண்டெடுக்கப்பட்டதால் உருவான அந்த ஊரில், கோடை வெயிலுக்கு அஞ்சி மக்கள் பாறையைக் குடைந்து நிலத்தடியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நாங்களும் ஓர் இரவு அப்படிப்பட்ட அறையில்தான் தங்கினோம். சன்னல் இல்லாததால் விடிந்ததே தெரியாமல் அரை மணி நேரம் கூடுதலாக உறங்கிவிட்டோம்.

அந்த அரை மணி நேரம்தான் மறுநாள் எங்களை வருத்தியது. கூபர் பீடியிலிருந்து, உலுருவுக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான யுலாரா 700 கிலோமீட்டருக்கு மேல். இருட்டிய பிறகு கங்காருவும் ஒட்டகமும் சாலைக்கு வரும் என்பதால் சூரியன் மறைவதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மார்லாவுக்கு முன்னால் எங்கள் வண்டியின் பின்சக்கரம் பஞ்சரானது. ஸ்டெப்னி அடியில் இருந்தது. அதற்கு மேலே எங்கள் மொத்தக் குடித்தனமும் இருந்தது. பெட்டிகள், போர்வைகள், அரிசிப் பை, குக்கர் என ஒவ்வொன்றாகச் செம்மண்ணில் இறக்கிவைத்தபோது, நெடுஞ்சாலை ஓரத்தில் யாரோ வாடகை வீட்டைக் காலி செய்வதுபோலவே இருந்தது. ஜாக்கியை வைத்தால் மண்ணில் புதைந்தது. அப்போது கேரவனை இழுத்துக்கொண்டு வந்த ஒரு வயதான தம்பதியர் எதிர்ப்புறத்தில் வண்டியை நிறுத்தினார்கள். ஓய்வு பெற்றபின் வீட்டைப் பூட்டிவிட்டு மாதக்கணக்கில் நாட்டைச் சுற்றும் இத்தகையவர்களை இங்கே கிரே நோமாட்ஸ் என்பார்கள். அவர் ஒன்றும் பேசாமல் ஒரு மரப்பலகையை எடுத்துவந்து ஜாக்கிக்கு அடியில் வைத்தார். அவருடைய மனைவியோ எங்கள் குக்கரைக் கையில் எடுத்து, இதன் விசில் எங்கே இருக்கிறது, இது எப்படிக் கத்தும் என்று தாயாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒருவருக்கு மற்றவர் மொழி தெரியாது. இருபது நிமிடத்தில் சக்கரமும் மாறியது, ஒரு டப்பா முறுக்கும் கைமாறியது. பலகையைத் திருப்பிக் கொடுத்தபோது, உலுரு வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று எங்களிடமே விட்டுச் சென்றார். அது இன்னும் என் கார் டிக்கியில் கிடக்கிறது.

எர்ல்டண்டாவில் மேற்கே திரும்பிய பிறகு, மாலை வெயிலில் இடப்பக்கம் ஒரு பெரிய மலை தெரிந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், தந்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது உலுரு அன்று, கானர் மலை. உச்சி தட்டையாக இருக்கும் அதைப் பார்த்து ஏமாறுவோர் ஏராளம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் அதற்குக் கேலியாக 'ஃபூலுரு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உண்மையான மலைக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருந்தது. "பரவாயில்லை ஐயா, கும்பிட்டது வீண் போகாது" என்று நண்பர் வண்டிகளுக்கிடையிலான வாக்கிடாக்கியில் ஆறுதல் சொன்னார்.

உலுருவின் மீது ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் நிரந்தரமாகத் தடை செய்யப்படும் என்று 2017இலேயே அறிவித்திருந்தார்கள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு மக்களிடம் 1985இல் நிலம் திருப்பி ஒப்படைக்கப்பட்டதும் அதே அக்டோபர் 26ஆம் நாள்தான். தடை வருவதற்குள் ஏறிவிட வேண்டும் என்று நாங்கள் சென்ற வாரத்தில் கூட்டம் நெரிந்தது. சங்கிலியைப் பிடித்துக்கொண்டு பாறைச் சரிவில் மனிதர்கள் வரிசையாகத் தெரிந்தார்கள். அப்படி ஏறுபவர்களை அனங்கு மக்கள் தங்கள் மொழியில் 'மிங்கா', அதாவது எறும்பு, என்று சொல்வார்களாம். அவ்வளவு தூரம் வந்துவிட்டு ஏறாமல் போவதா என்று என் மகனுக்கு மனக்குறை. ஏற வேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் பலகை பாதை தொடங்கும் இடத்திலேயே இருந்தது. நான் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் தந்தை கேட்டது ஒரே கேள்வி: "சுத்தி வர வழி இருக்கா?"

இருந்தது. 10.6 கிலோமீட்டர். காலையில் மாலா நடைபாதையில் எங்களை அழைத்துச் சென்ற பூங்காக் காவலர், வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தொடங்கி மலை எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடப்பதே நல்லது என்று பரிந்துரைத்தார். மொழிபெயர்க்கையில் எனக்கே மெய் சிலிர்த்தது. திருவண்ணாமலையில் ஆண்டுதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் போகிறவருக்கு யாரும் வலம் வரக் கற்றுத்தர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மலையையே சாமியென்று சுற்றிவருவோம் என்று தந்தை அவரிடம் சொல்லச் சொன்னார். எவ்வளவு தூரம் என்று அந்தப் பெண்மணி கேட்டார். சொன்னேன். உங்களுடையது எங்களுடையதைவிடப் பெரிது என்று ஒப்புக்கொண்டார். செருப்பைக் கழற்றலாமா என்பது தந்தையின் அடுத்த கேள்வி. விதி ஏதும் இல்லை, ஆனால் முள்ளும் குளிரும் உண்டு என்றார். தந்தை சிறிது தூரம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்று டிகிரிக் குளிரில் பாதம் மரத்துப் போகவே, முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார்.

சுற்றுப்பாதையின் சில பகுதிகளில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அவை ஆண்களுக்கோ பெண்களுக்கோ மட்டும் உரிய சடங்குகள் நடக்கும் புனித இடங்கள். கருவறைக்குள் கேமராவைத் தூக்குவோமா என்று தந்தை சொல்ல, நண்பரின் மகள் ஏற்கெனவே எடுத்திருந்த இரண்டு படங்களைத் தானாகவே அழித்தாள். தாயார் செய்த காரியம் மாலையில்தான் தெரிந்தது. பண்பாட்டு மையத்தில், இங்கிருந்து கல்லும் மண்ணும் எடுத்துச் சென்றவர்கள் பின்னர் மன்னிப்புக் கடிதத்தோடு அவற்றை அஞ்சலில் திருப்பி அனுப்புவது பற்றி நான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். தாயாரின் முகம் மாறியது. பூசை அறையில் வைப்பதற்காக ஒரு சிட்டிகைச் செம்மண்ணைக் காலியான மாத்திரை உறையில் அடைத்துக் கைப்பையில் வைத்திருந்தார். அத்தனை பேரும் மறுபடி வண்டியேறிப் போனோம். எடுத்த இடத்திலேயே அதைத் தட்டிவிட்டு, உறையை மட்டும் மடித்து உள்ளே வைத்துக்கொண்டார்.

பேர்த்திலிருந்து

மேலேயுள்ள பதிவை வாசித்தபோது என் அம்மாவின் ஞாபகம் வந்தது. அவர் பருத்தித்துறையில் பிறந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்னர், என் தங்கையின் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு, பேர்த்திலிருந்து அடிலெயிட்டுக்கு நல்லபோர் சமவெளியூடாகப் பயணித்தோம். பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையில் 146.6 கிலோமீற்றர் தூரத்துக்கு வீதி ஒரு வளைவும் இல்லாமல் நேராகச் செல்லும். "ஸ்ரியரிங் எதுக்கு, கழட்டி வையன்" என்றார் அம்மா.

எங்களுக்குச் சிக்கலானது நேரக்கணக்குத்தான். யூக்லாவை அண்டிய சில சிற்றூர்களில் கடிகாரம் பேர்த்தைவிட முக்கால் மணித்தியாலம் முன்னால் ஓடும். தென் அவுஸ்திரேலியாவுக்குள் நுழைந்தால் இன்னும் முன்னால். அம்மாவுக்கு நீரிழிவு. ஊசியும் உணவும் நேரம் தவறக் கூடாது. தங்கை ஒரு தாளில் அட்டவணை போட்டு, அதைத் திருத்தி, திருத்தியதையும் திருத்திக்கொண்டிருந்தாள். அம்மாவோ தன் கைக்கடிகாரத்தை ஊரிலிருந்து வந்த நாள் முதல் மாற்றவேயில்லை. பேர்த்திலும் இரண்டரை மணித்தியாலத்தைக் கழித்து, இலங்கை நேரத்துக்குத்தான் ஊசி போட்டு வந்திருக்கிறார். வழி முழுவதும் ஒருநாளும் பிசகாதவர் அவர் மட்டுமே.

ஓகஸ்ட் மாதம் என்பதால் ஹெட் ஒஃப் பைற் என்ற கடலோர இடத்தில் திமிங்கிலங்கள் நின்றன. அந்தாட்டிக் பக்கத்துக் குளிர்க்கடலிலிருந்து கன்று ஈனுவதற்காக அவை வருடந்தோறும் இங்கு வருகின்றன. மெதுவாக நீந்துவதாலும், கொன்ற பின் மிதப்பதாலும் வேட்டைக்கு ஏற்றது என்று அந்தக்கால வேட்டைக்காரர் இவ்வினத்துக்கு 'சரியான திமிங்கிலம்' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பெயரைக் கேட்டு அம்மா முகம் சுளித்தார். மரப்பலகை மேடையில் பக்கத்தில் நின்ற முதியவர் தன் தொலைநோக்கியை அம்மாவிடம் நீட்டினார். அவர் இளவயதில் இழுவைப் படகில் வேலை செய்தவராம். கடற்கரையில் வளர்ந்தவர் என்று அம்மாவை அறிமுகப்படுத்தியதும், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் உங்கள் கடலில் மீன் படும் என்று கேட்டார். நான் மொழிபெயர்ப்பாளன். ஒரு மணித்தியாலம் இருவரும் கச்சான் காற்றையும் சோளகக் காற்றையும் பற்றிப் பேசினார்கள். கச்சானுக்கும் சோளகத்துக்கும் ஆங்கிலம் தேடிக் களைத்து, கடைசியில் கையால் திசையைக் காட்டினேன்.

அடிலெய்டிலிருந்து

எல்லோரும் நல்லவர்களைச் சந்தித்ததாகவே எழுதியிருப்பதால், நாங்கள் சந்தித்த கங்காருவையும் சேர்த்துவிடுகிறேன். சென்னையிலிருந்து வந்த கல்லூரி நண்பர்கள் மூவரோடு ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்கு வாடகைக் காரில் போனோம். மாலை வெளிச்சம் அழகாக இருக்கிறதே என்று படம் எடுத்துக்கொண்டு நின்றதில் தாமதமாகிவிட்டது. ஹாக்கருக்குச் சற்று முன்னால் புதரிலிருந்து பாய்ந்தது. வண்டியைத் திருப்பாமல் பிரேக்கை மட்டும் அழுத்த வேண்டும் என்று படித்திருந்ததால் நாங்கள் உருளவில்லை. முன்விளக்கும் பானட்டும் நொறுங்கின. பின்னால் வந்த பண்ணைக்காரர் ஒருவர் இறங்கி முதலில் பார்த்தது எங்களையோ காரையோ அன்று. இறந்துகிடந்த கங்காருவின் வயிற்றில் பையும் அதற்குள் குட்டியும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். தாய் செத்தாலும் உள்ளே குட்டி உயிரோடிருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன். அது ஆண் கங்காரு, பையே இல்லை.

ஊருக்கு வெளியே, சூரியன் மறைந்த பிறகு விலங்கு மோதினால் காப்பீடு செல்லாது என்று வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. கையெழுத்திடும்போது நாங்கள் அதைப் படிக்கவில்லை. பழுதுச் செலவு முழுவதையும் நால்வரும் பங்கிட்டுக் கட்டினோம். வண்டி எடுப்பவர்கள் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் மெல்பர்னிலிருந்து

மூட்டுவலி உள்ள பெரியவர்களால் உலுருவைச் சுற்ற முடியுமா என்று சிலர் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். என் தாயார் சுற்றவில்லை. முட்டிச்சுலு நீர்நிலைக்குப் போகும் குனியா நடைபாதை, போய்வர ஒரு கிலோமீட்டர்தான்; சமதளமாக இருப்பதால் சக்கர நாற்காலியும் போகும். அங்கே பாறை நிழலில் இருந்த பலகையில் அவரையும் நண்பரின் மாமியாரையும் உட்காரவைத்துவிட்டுத்தான் நாங்கள் நடந்தோம். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பிவந்தபோது, இருவரும் எங்களுக்கென்று எடுத்துவந்த புளிச்சோற்றில் பாதியை முடித்திருந்தார்கள்.