போர்வெல்லில் தண்ணீர் வருகிறது, பயிர்தான் வாடுகிறது: உங்கள் அனுபவம் என்ன?

எங்கள் பக்கத்துத் தோட்டத்துக்காரர் கிணறு வற்றியதும் ஆழமாக போர் போட்டார். தண்ணீர் நன்றாகவே வந்தது, எல்லோருக்கும் சந்தோஷம். அடுத்த பட்டத்தில் பீன்ஸ் செடியின் இலை ஓரமெல்லாம் கருகத் தொடங்கியது. நோய் என்று மருந்து அடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. வாய்க்கால் காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்ததைப் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பரிசோதிக்கச் சொன்னேன். ஈ.சி., அதாவது தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் மின்கடத்துத்திறன், மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டியிருந்தது. பாசன நீரில் 0.7 வரை கவலையில்லை, 3-க்கு மேல் போனால் பெரும்பாலான பயிர்களுக்குச் சிரமம். பார்லி, பருத்தி ஓரளவு தாங்கும். பீன்ஸ் தாங்கவே தாங்காது.

மேல் ஊற்று மழைக்கு மழை புதுப்பிக்கப்படுகிறது. ஆழத்துத் தண்ணீர் அப்படியில்லை. நெடுங்காலம் பாறையோடு கிடந்து அதன் உப்புகளைக் கரைத்து வைத்திருக்கும், சில இடங்களில் ஃபுளோரைடும் சேர்ந்து வரும். நீர்மட்டம் இறங்குவதைத் தண்ணீர்ப் பஞ்சமாக மட்டும் பார்க்கிறோம். தரமும் கூடவே இறங்குகிறது என்பதை யாரும் பேசுவதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை.

சோடியம் மிகுந்த தண்ணீர் என்றால் இன்னும் மோசம். மண் இறுகிப்போய், பாய்ச்சிய நீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். ஜிப்சம் போடலாம்தான். ஆனால் அது பிரித்துவிடும் சோடியத்தை அடியில் கழுவி இறக்க மழையோ நல்ல தண்ணீரோ வேண்டுமே!

*

அண்ணா, எங்களுக்கு மட்டம் குறையவே இல்லை, ஆழமில்லாத கிணறுதான். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கும், ருசியும் மாறவில்லை. பரிசோதனையில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவே 50தான். பயிர் எடுத்தது போக மிஞ்சிய யூரியா நைட்ரேட்டாக மாறுகிறது, அதை மண் பிடித்து வைப்பதில்லை, நீரோடு நேராகக் கீழே போய்விடுகிறது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் தயவுசெய்து இந்த ஒன்றையாவது பாருங்கள். புட்டிப்பாலுக்கு இந்தத் தண்ணீரைக் கலந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமப்பது குறைந்து குழந்தை நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தாலும் போகாது, சுண்டச் சுண்ட அடர்த்தி கூடத்தான் செய்யும். இப்போது உரத்தை ஒரே மூச்சில் போடாமல் பிரித்துப் பிரித்துப் போடுகிறோம்.

*

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மழைநீரை போருக்குள் இறக்க வேண்டும் என்ற ஆர்வத்தில் வயலில் ஓடிவரும் நீரை நேராகக் குழாய்க்குள் விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உரமும் பூச்சிமருந்தும் மண்ணில் வடிகட்டப்படாமல் நிலத்தடிக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதைவிட, குட்டை வெட்டித் தேக்கி மண் வழியாக மெல்ல இறங்க விடுவது எவ்வளவோ மேல். போருக்கே விடுவதென்றால் சுத்தமான கூரைத் தண்ணீரை, அதையும் வடிகட்டி விடுங்கள்.

அப்புறம், பரிசோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும்போது மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, குழாயில் தேங்கியது போனபிறகு பிடியுங்கள். பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு மூன்று முறை அலசிக்கொள்ளுங்கள். மழைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கொடுத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.