சர்க்கரைவள்ளி: கொடி ஓடுது, கிழங்கு வைக்கலை. ஏன்?

கேள்வி:
15×15 அங்குலப் பையில் நட்டு நாலு மாசம் ஆச்சு. கொடி பத்தடி தாண்டிடுச்சு, இலை நல்ல கரும்பச்சை. ஓரமா விரல் விட்டுப் பார்த்தா பென்சில் கனத்துக்கு வேர்தான் தட்டுப்படுது. கலவை: பாதி மண், பாதி தொழுவுரம். 15 நாளைக்கு ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல். தினமும் தண்ணீர், ஆறு மணி நேர வெயில். பாட்டில் தண்ணீரில் வேர்விட்ட கொடியைத்தான் நட்டது. இன்னும் காத்திருக்கலாமா?

பதில் 1:
காத்திருந்து பயனில்லை. எந்த வேர் கிழங்காகும், எது வெறும் வேராகவே நின்றுவிடும் என்பது நட்ட முதல் ஒன்றரை மாதத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். நாரோடிப் போன பென்சில் வேர் பிறகு பருக்காது.

முதல் காரணம் தழைச்சத்து. பாதிக்குப் பாதி தொழுவுரமே அதிகம், அதற்கு மேல் புண்ணாக்கு என்றால் செடி இலைக்கும் கொடிக்கும்தான் போகும். இரண்டாவது ஈரம். தினமும் ஊற்றினால் அடிமண் சதசதவென்று நிற்கும். காற்றோட்டமில்லாத மண்ணில் வேர் பருக்காது. அடுத்த முறை செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு போதும். ஒரு மாதம் கழித்து பைக்கு ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் தூவிக் கிளறுங்கள், சாம்பல்சத்து கிழங்குக்கு வேண்டும். புண்ணாக்கை நிறுத்திவிடுங்கள். நட்ட பத்து நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு, அதன் பிறகு மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பின்தான் தண்ணீர்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் தண்ணீரில் வேர்விட வைத்ததையும் விடக்கூடாது. நீளமாக வளர்ந்த வேர் நடும்போது மடங்கிச் சுருண்டுவிடும், கிழங்கு வைத்தாலும் கோணல்மாணலாக வரும். வேரில்லாத நுனிக்கொடியே நல்லது. ஒரு சாண் நீளம், ஐந்தாறு கணு. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு ஒரு நாள் நிழலில் போட்டு வைத்து, மூன்று கணு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து நடுங்கள். கிழங்கு வேர் அந்தக் கணுக்களிலிருந்துதான் கிளம்பும். இந்தப் பைக்கு ஒரு கொடி, மிஞ்சினால் இரண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. இப்போ இருக்கிற கொடியிலிருந்தே நுனி எடுக்கலாமா? கூன்வண்டு வருமா?

பதில் 2:
தாராளமாக எடுக்கலாம். இலை சுருளாமல், அடித்தண்டில் ஓட்டையில்லாமல் இருக்கணும், அவ்வளவுதான். முற்றிய அடிக்கொடியில் கூன்வண்டு முட்டை இருக்கக்கூடும், அதனால்தான் நுனி. கிழங்கு பருக்கும்போது மண் வெடித்தால் அந்த வெடிப்பு வழியாகத்தான் வண்டு இறங்கும். மேலே இரண்டு அங்குலம் மண் அணைத்து மூடிவிடுங்கள். பழைய மண்ணில் திரும்ப இதையே நடாதீர்கள்.

பதில் 3:
தரையில் படர்கிற கொடி கணுவுக்குக் கணு வேர் இறக்கினால் லேசாகத் தூக்கிவிட்டால் போதும், புரட்டிப் போட வேண்டாம். கீரைக்கு நுனி கிள்ளுவதாக இருந்தால் ஒரே நாளில் மொட்டையடிக்காதீர்கள், கிழங்குக்கு மாவு சேர்ப்பதே இலைதான்.