திவால் மனுவில் பொய் எங்கே ஒளிந்திருக்கும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடன் கொடுத்தவர்:
என்னோடு வேலை பார்த்த ஒருவருக்குப் புரோநோட்டின் பேரில் பணம் கொடுத்திருந்தேன். முதலில் வட்டி நின்றது, பிறகு பேச்சு நின்றது, கடைசியில் மஞ்சள் கடுதாசி வந்து சேர்ந்தது. அதைப் பார்த்ததும் "போனது போனதுதான்" என்று மடித்து வைத்துவிடுபவர்களே அதிகம். நான் அதிலிருந்த கடன் பட்டியலை வரிவரியாகப் படித்தேன். என் பெயர் அடியில் கிடந்தது. முதலிடத்தில் அவருடைய மைத்துனர், எங்கள் எல்லோருடைய கடனையும் கூட்டினாலும் எட்டாத தொகையுடன். சொத்துப் பட்டியலில் வாகனமே இல்லை. ஆனால் மனிதர் தினமும் காரில்தான் வந்து இறங்குவார். விசாரித்ததில், மனுப் போடுவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அது மைத்துனர் பெயருக்கு மாறியிருந்தது.

ஆட்சேபணை தாக்கல் செய்தேன். "இவ்வளவு பணத்தை எந்தக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தீர்கள்?" என்று என் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்டார். மைத்துனர் விழித்தார். பொய்க் கடன் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மிஞ்சிய சொத்தை விகிதப்படி பங்கிடும்போது பெரும்பங்கு மறுபடி அவர்கள் வீட்டுக்கே போய்விடும் அல்லவா?

பழைய கணக்கர்:
திவாலானவர்களின் சொத்துகளை நிர்வகிக்கும் அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். சொத்துப் பட்டியலை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வங்கிக் கணக்கு விவரத்தைத்தான் முதலில் கேட்பேன். நகையே இல்லை என்று பிரமாணம் செய்தவரின் கணக்கிலிருந்து லாக்கர் வாடகை போயிருக்கும். காப்பீடு இல்லை என்பார், பிரீமியம் தவறாமல் கழிந்துகொண்டிருக்கும். வீட்டை விற்றதாகக் கிரயப் பத்திரம் காட்டுவார். வரியும் மின்கட்டணமும் கட்டுவது அவராகவே இருக்கும்.

இது பழைய தந்திரம். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பியர்ஸ் என்ற கடனாளி, தன் உடைமைகளையெல்லாம் ட்வைன் என்பவருக்கு ரகசியமாக எழுதிக் கொடுத்தார். பிறகும் ஆடுகளுக்குத் தன் அடையாளத்தையே இட்டு, ரோமமும் கத்தரித்துக்கொண்டிருந்தார். நீதிமன்றம் அதை மோசடி என்றது. உங்கள் நண்பரின் கார் அந்த ஆடுகளுக்கு வாரிசு!

இந்தியாவில் 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டம், 53ஆம் பிரிவைப் பாருங்கள். மனுவுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் நடந்த கைமாற்றத்தை, நேர்மையாக விலை கொடுத்து வாங்கியதாக இல்லாவிட்டால், ரத்து செய்ய இடமுண்டு. கேட்டும் ரிசீவர் (திவாலானவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமிப்பவர்) மறுத்தால், நீதிமன்ற அனுமதியோடு கடன் கொடுத்தவரே அதைக் கோரலாம். ஆனால் தன் கடனை அவர் முதலில் நிரூபித்திருக்க வேண்டும். கடுதாசியை மடித்து வைப்பவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். இங்கிலாந்தில் அடிமாட்டு விலைக்குக் கைமாறியதை 5 ஆண்டுகள் வரை பின்னோக்கித் தோண்டலாம்.

தம்பியோடு போனவள்:
கடனாளிகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்பதுபோல் பேச்சு போகிறது. என் தம்பி தொழிலில் நொடித்துப்போனவன், திருடனல்ல. அவனிடம் "எல்லாக் கடனையும் துடைத்துத் தருகிறேன்" என்று ஒரு தரகர் வந்தார். முன்பணம் கேட்டார், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டார், முன்தேதியிட்டு வீட்டை என் பெயருக்கு எழுதச் சொன்னார். எந்த வக்கீல் ஆஜராவார் என்று கேட்டதும், "அதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா?" என்றார். எழுந்து வந்துவிட்டோம்.

பிறகு நாங்கள் பார்த்த வக்கீல், உறவினர்களிடம் வாங்கிய கைமாற்று வரை ஒன்றுவிடாமல் எழுத வைத்தார். மனுப் போட்ட பிறகு தம்பிக்கு ஒரு பழைய சேமிப்புக் கணக்கு நினைவுக்கு வந்தது. உடனே திருத்தம் கொடுத்தோம். யாரும் குற்றமாகப் பார்க்கவில்லை.

பழைய கணக்கர்:
நல்லதம்மா. அமெரிக்காவில் திவால் வழக்கில் சொத்தை மறைத்தால் 5 ஆண்டுகள் வரை சிறை உண்டு. மனுவில் தரகரின் கையெழுத்து இருக்காது, தம்பியின் கையெழுத்துதான் இருக்கும்.

கடன் கொடுத்தவர்:
அந்தத் தரகர் மீது புகார் கொடுத்தீர்களா?

தம்பியோடு போனவள்:
கொடுத்தோம். வீட்டை மாற்றி எழுதச் சொல்லி அவர் அனுப்பிய குறுஞ்செய்திகளைத் தம்பி அழிக்காமல் வைத்திருந்தான்.